இரண்டு அங்குலம்

ஒப்பந்தத்தில் இருந்தது இவ்வளவுதான்:
ஒரு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு,
ஆட்ட நாளில் மட்டும் கூடுதலாக ஒரு தட்டு பாஸ்தா.
பதிலுக்கு மாதம் ஐந்நூறு டாலர்,
அரங்கின் வடக்கு மூலையில் இரண்டு இலவச இருக்கை.
கீழறையில் எரியப்போகும் நீல வெளிச்சத்தைப் பற்றி
கிளப் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எனக்கு இரவு வேலை.
நாலரைக்கு வருவேன்.
மைனஸ் முப்பத்தொன்றில்
மூக்கு மயிர் கண்ணாடியாகி முறியும் நேரம்.
சஸ்காட்சுவான் மொத்தமும் விளக்கணைத்துக் கிடக்க
என் வீட்டுத் தரைமட்டச் சன்னல் மட்டும்
பனிமேட்டில் நீலமாய்க் கசிந்துகொண்டிருக்கும்.
சாவியைத் திருப்பும்போதே கேட்கும்:
டக் டக் டக் டக்.
அது அவன் கட்டைவிரல்.

எவரெட் கிளாசன். பதினேழு. இடது விங்.
மனிடோபா வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத ஊர்.
செப்டம்பரில் வந்தபோது
பெரிய லீக்கின் ஆள்தேடிகள் மூன்று பேர்
காப்பிக் கோப்பையோடு மேல்வரிசையில் நின்றார்கள்.
நவம்பரில் ஒருவர்.
டிசம்பரில் காப்பி விற்பவர் மட்டும்.

ஒருநாள் துணிக்கூடையோடு இறங்கினேன்.
அவன் திரும்பவில்லை.
திரையில் ஒருவன் பனியைச் சீவிக்கொண்டு போனான்.
முதுகில் கிளாசன் என்றிருந்தது.
"நீயா?"
"நான்தான்."
அதே மஞ்சள் முடி, அந்த உடைந்த பல்கூட.
உயரம் மட்டும் ஆறடி ஒன்று.
சமையலறைக் கதவுநிலையில் நிறுத்தி
நானே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்:
ஐந்தடி பதினொன்று.
இரண்டு அங்குலம் கூட்டிக்கொண்டிருக்கிறான், திருடன்.
வேறெதையும் தொடவில்லை.
அந்த இரண்டு அங்குலத்துக்கு
முதல் சுற்றிலேயே எடுத்திருந்தார்கள் அவனை.
பதினோரு சீசன், நாலு கோப்பை.
இப்போது முப்பது வயதாகி
முழங்காலில் அறுவை முடிந்து
திரும்ப வந்துகொண்டிருந்தான்.
"பாதியில விட முடியாது," என்றான்.
"இன்னும் ரெண்டு வருஷம் ஒப்பந்தம் இருக்கு."

கோச் லிப்கா போன் செய்தார்.
பையன் மூன்றாவது பீரியடில் நின்றபடியே தூங்குகிறான்,
பதினொன்றுக்கு வைஃபையை நிறுத்துங்கள்.
நிறுத்தினேன்.
அந்த ஆட்டத்துக்கு வைஃபை வேண்டாமாம்.
கன்ட்ரோலரை மாவு டப்பாவுக்குள் புதைத்தேன்.
மறுநாள் காலை படிக்கட்டெல்லாம் வெள்ளைப் பாதம்.
சரி, நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று
கீழே போய் வாயைத் திறந்தேன்.
என் கோட்டுப் பையில் செல்போன் அதிர்ந்தது:
தோட்டத்தில் என் கேரட்டுகள் விளைந்துவிட்டனவாம்,
உடனே வந்து பறிக்கச் சொன்னது.
அவன் சிரிக்கவில்லை.
கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து
எனக்கு இடம்விட்டான்.

ஜனவரி ஒன்பதாம் தேதி அவனை மாற்றிவிட்டார்கள்,
ஒரு கோலிக்கும்
அடுத்த வருஷத்து ஆறாம் சுற்று வாய்ப்புக்கும்.
முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள்.
அவன் முதலில் எடுத்தது அந்தக் கறுப்புப் பெட்டியை.
ஜெர்சியில் ஒரு சுற்று, குளிர்கோட்டில் ஒரு சுற்று,
குளிப்பாட்டிய குழந்தையைப் போர்த்துகிற மாதிரி.
கைகுலுக்கினான். நன்றி சொன்னான். போய்விட்டான்.
பிறகுதான் பார்த்தேன்:
ஹீட்டருக்குப் பக்கத்தில், ஆணியில்,
காயப்போட்ட ஸ்கேட்ஸ்.

நாற்பது கிலோமீட்டர் விரட்டினேன்.
ஒரு பெட்ரோல் பங்கில் பஸ் நின்றிருந்தது.
ஏறினேன். கடைசிக்கு முந்தின வரிசை.
நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்,
மடியில் அந்தக் கோட்டுப் பொதி.
எழுப்பவில்லை.
ஸ்கேட்ஸை அவன் காலடியில் வைத்தேன்.
வெறும் கைகள்.
கட்டைவிரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன:
இடம், வலம், மறுபடி இடம்.

டிரைவர் ஹாரன் அடித்தார்.
நான் திரும்புவதற்குள்
அங்கே கோல் விழுந்திருக்க வேண்டும்.
உதடு பிரிந்தது,
அந்த உடைந்த பல் தெரிந்தது.